பாலித் தீவில் கடற்கரை விடுதிகளுக்கு அப்பால்: வயலும் வாய்க்காலும் பார்க்க எங்கே தங்கலாம்?

வட்டக்கச்சி மருமகள் எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில், கனடாவில் இருக்கும் கணவரின் அண்ணா குடும்பமும் கிளிநொச்சியிலிருந்து நாங்களும் இந்தோனேசியாவின் பாலித் தீவில் சந்திப்பதென்று தீர்மானித்துப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. முதற்பகுதி நாட்களுக்குத் தெற்கே செமின்யாக் என்ற இடத்தில், நீச்சல் தடாகத்துடன் கூடிய ஒரு வீட்டை அண்ணாவே ஒழுங்கு செய்துவிட்டார். அதற்குப் பிந்திய ஒரு வாரத்தை எங்கே கழிப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்களுடன் மாமாவும் மாமியும் வருகிறார்கள். மாமா இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர். இணையத்தில் நான் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, "கடலைப் பார்ப்பதற்கு விமானம் ஏற வேண்டுமா, முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினால் போதாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் படிக்கட்டுப் போன்ற வயல்களின் படம் ஒன்று வந்தபோது கைபேசியை வாங்கி நெடுநேரம் பார்த்து, "இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது?" என்று விசாரித்தார். மாமிக்குக் கோயில் வேண்டும்; வெள்ளிக்கிழமைகளில் அவர் மச்சம் தொடுவதில்லை; முழங்கால் நோவும் உண்டு. கனடாப் பிள்ளைகள் இருவருக்கும் ஊஞ்சலில் ஏறிப் படம் எடுப்பதைவிட வேறு ஏதாவது காட்ட வேண்டும் என்பது அண்ணாவின் விருப்பம்.

அந்த ஊர் மக்கள் தங்கள் பாட்டில் வாழும் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் எங்கே தங்குவது, எதைத் தவிர்ப்பது என்று போய் வந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

துருசடி எழுதியது:

வணக்கம் பிள்ளை. நீர்ப்பாசன வேலையில் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். பாலிக்குப் போனதே வயல் பார்ப்பதற்காகத்தான். ஆகவே என் பதில் உங்கள் மாமாவின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தீவின் பரப்பு சுமார் 5,700 சதுர கிலோமீற்றர். 8,884 சதுர கிலோமீற்றர் கொண்ட நமது வட மாகாணத்தைவிடச் சிறியது. ஆனால் அங்கே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிக்குப் போகும்போது காண்கிற காடும் வெளியும் அங்கே கிடைக்குமென்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆளில்லாத இடத்தைத் தேடாமல், ஆட்கள் தங்கள் வேலையில் மூழ்கியிருக்கும் இடத்தைத் தேடுவதே பயன் தரும். உல்லாசப் பயணிகளின் நெரிசல் பெரும்பாலும் விமான நிலையத்தைச் சுற்றிய தெற்குக் கரையிலும், கூத்தா, செமின்யாக், சங்கு ஆகிய இடங்களிலும், உள்நாட்டில் உபுட் நகரிலும் அடைந்து கிடக்கிறது. அங்கிருந்து கிழக்கே கரங்கசெம், மேற்கே தபனான், வடக்கே புலெலெங் ஆகிய மாவட்டங்களுக்குள் நுழைந்த பின்னர் வயல் வேலையின் நாட்காட்டியே ஊரை நடத்துகிறது.

உங்கள் மாமாவின் கேள்விக்கு வருகிறேன். அங்கே நமக்குத் தெரிந்த மாதிரிக் குளங்கள் இல்லை. எரிமலை வாய்களில் தேங்கிய ஏரிகளும் மலை ஊற்றுகளும் ஆழமான பள்ளங்களில் ஓடும் ஆறுகளும்தான் உண்டு. ஆறு வயலைவிட மிகத் தாழ்வாக ஓடுவதால், மேலே வெகுதூரத்தில் அணை போட்டு, மலைப்பாறையைக் குடைந்த சுரங்கங்களின் வழியாக நீரைத் திருப்பி, பிறகு படிப்படியாக இறக்குகிறார்கள். ஆகவே தண்ணீர் ஏறுவதில்லை. இன்னும் உயரத்திலிருந்து இறங்கி வருகிறது. ஒரே நீர்மூலத்தைப் பங்கிடும் கமக்காரர்களின் கூட்டத்துக்கு 'சுபாக்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டளவிலேயே தொடங்கியதாகக் கருதப்படும் இந்த ஏற்பாட்டில் இன்று சுமார் 1,200 கூட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேரிலிருந்து நானூறு பேர் வரை இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் வரம்பில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தது, வாய்க்கால் பிரியும் இடத்தில் போட்டிருந்த ஒரு மரக்கட்டையைத்தான். கட்டையின் மேல்விளிம்பில் ஒரே ஆழத்தில், வெவ்வேறு அகலத்தில் வெட்டுகள் இருந்தன. அகலமான வெட்டு அதிக வயல்களுக்குரியது, ஒடுங்கியது குறைந்த வயல்களுக்குரியது; நீர் ஏறினாலும் வற்றினாலும் பங்கு மாறாது. கதவு இல்லை, பூட்டு இல்லை, சாவி வைத்திருப்பவரும் இல்லை. எவரேனும் இரவில் வந்து வெட்டை அகலப்படுத்தினால் காலையில் சிறுபிள்ளைக்கும் தெரிந்துவிடும். குளத்து நீரைத் திறந்துவிடும் துருசின் திறப்பை வைத்திருந்ததற்காகப் பாதி ஊரிடம் ஏச்சு வாங்கியவன் என்ற முறையில் அந்தக் கட்டையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.

மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு ஏன் விட்டுக்கொடுக்கிறான் என்று மாமா நிச்சயம் கேட்பார். அதற்கு விடை பூச்சியில் இருக்கிறது. பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விதைத்து, ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு உணவு அற்றுப்போகிறது. கீழே உள்ளவனுக்கு நீர் கொடுக்காமல் அவனைப் பிந்தி விதைக்க விட்டால், அவன் பயிரில் பெருகும் பூச்சி மேலேயும் வரும். இந்த ஒழுங்கை நீர்க்கோயில்களின் சடங்கு நாட்களே காத்துவந்தன. 1970களில் பசுமைப் புரட்சி என்ற பெயரில், கோயில் நாட்களைப் பார்க்காமல் முடிந்தபோதெல்லாம் விதைக்கும்படி கமக்காரர் ஊக்குவிக்கப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் தண்ணீர்ப் பங்கீடு குழம்பி, கபில நிறத் தத்திப் பூச்சியும் வைரஸ் நோயும் பயிரை அழித்தன. ஸ்டீவன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளருடன் சேர்ந்து கணினியில் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே, கோயில்கள் செய்துவந்தது மூடநம்பிக்கை அல்ல, முகாமைத்துவம் என்பதை அலுவலகங்களில் இருந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கும் நமது சிறுபோகக் கூட்டத்தில், எத்தனை ஏக்கர் என்று முடிவாவதற்குள் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இடம் என்று பார்த்தால், பதுகாரு மலைச்சரிவில் உள்ள ஜதிலுவி பெயர்பெற்றது. உயரமாக வளரும் சிவப்பு நெல்லை இன்னமும் அங்கே விதைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, நண்பகலில் வாகனங்கள் வரிசையாக வந்து சேரும். ஊரிலேயே ஓரிரவு தங்குபவருக்கு அதிகாலையும் பின்னேரமும் வயல் தனியாகக் கிடைக்கும். முழு வாரத்துக்கும் குடும்பத்தோடு தங்குவதற்கு நான் கிழக்கே சிடெமென் பள்ளத்தாக்கைச் சொல்வேன். அகுங் எரிமலை முன்னால் நிற்கும், இருமருங்கும் வயல், வீடுகளுக்குள் தறிச்சத்தம். சுபாக்குகள் தங்களுக்குள் முறைவைத்து விதைப்பதால், ஆகஸ்டில் ஒரு பக்கம் அறுவடையும் இன்னொரு பக்கம் நாற்று நடுகையும் பார்க்கக் கிடைக்கலாம். சுபாக் தலைவரை 'பெகாசெ' என்பார்கள். தங்குமிடத்துக்காரரிடம் சொல்லி அவரைச் சந்திக்க ஒழுங்கு செய்யுங்கள். மொழி தெரியாவிட்டாலும் இரண்டு கமக்காரருக்குப் பேச விடயம் இருக்கும்.

மல்லாவி ரீச்சர் எழுதியது:

ஐயா வயலைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். மாமியைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பாலியில் பெரும்பான்மையானோர் இந்துக்கள் என்று கேள்விப்பட்டு, நம்மூர்க் கோயில் மாதிரி இருக்குமென்று நினைத்துக்கொண்டு அவர் புறப்படக்கூடாது. கோபுரம் கடந்து மூலஸ்தானத்துக்குப் போய்த் தீபாராதனை காணும் வழக்கம் அங்கே இல்லை. வெளி முற்றங்கள், கல்லில் செதுக்கிய வெற்றுப் பீடங்கள், அடுக்கடுக்கான கூரைகள் என்றுதான் கோயில் அமைந்திருக்கும். தெய்வம் திருவிழா நாட்களில் இறங்கி வந்து அந்தப் பீடத்தில் எழுந்தருளுவதாக நம்புகிறார்கள். பூசை முடிவில் தீர்த்தம் தெளித்து, நெற்றியில் ஈர அரிசியை ஒட்டுவார்கள். சாரமும் இடுப்புக் கச்சையும் ஆண் பெண் இருபாலாரும் கட்ட வேண்டும். மாதவிலக்கும் மரணத் துடக்கும் உள்ளவர்கள் உள்ளே போவதில்லை என்பதால், அந்தக் கட்டுப்பாடுகளை மாமிக்கு எவரும் விளக்க வேண்டிய தேவை இராது.

பெரிய கோயில்களைவிட அவருக்குப் பிடிக்கப்போவது வீட்டு வாசல்கள் என்று நினைக்கிறேன். காலையில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் குருத்தோலையில் உள்ளங்கை அளவு தட்டுப் பின்னி, பூவும் சில அரிசிமணியும் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வாசலிலும் அடுப்படியிலும் கிணற்றடியிலும், கடைகளில் காசுப்பெட்டியின் மேலும் வைக்கிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மா, வாய்ப்பேச்சை நிறுத்தாமலேயே, மூங்கில் சிராயால் ஓலையைக் குத்திக் குத்தி அடுக்கிக்கொண்டே போனார். சற்று நேரத்தில் கடகம் நிறைந்துவிட்டது. தோரணம் பின்னத் தெரிந்த மாமியை அவர் அருகில் உட்கார வைத்தால் போதும், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வீதியில் வைத்திருக்கும் தட்டுகளை மிதிக்காமல் நடக்கும்படி பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி வையுங்கள்.

முழங்கால் நோவுள்ளவருக்குக் குனுங் காவி என்ற இடம் ஆகாது. பதினோராம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த நினைவுக்கோயில்கள் அழகானவைதான். ஆனால் பள்ளத்துக்குள் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அதே படிகளால் திரும்ப ஏற வேண்டும். அதற்குப் பதிலாக, சிடெமெனிலிருந்து தென்கிழக்குக் கரைக்கு இறங்கினால், வௌவால்கள் அடர்ந்து தொங்கும் குகையின் முன் அமைந்த கோவா லாவா கோயில் வீதியோரத்திலேயே இருக்கிறது.

அதற்கு அருகிலே குசம்பா என்ற கரையில் கறுப்பு மணலில் உப்பு எடுக்கிறார்கள். ஆனையிறவு உப்பளத்தின் பாத்திகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த முறை விநோதமாக இருக்கும். காவடித் தடியில் இரண்டு வாளி கட்டிக் கடல்நீரைச் சுமந்து வந்து, வாரிச் சமப்படுத்திய மணலின்மேல் வீசித் தெளிக்கிறார்கள். வெயிலில் காய்ந்து உப்புப் பூத்த மணலைச் சுரண்டி, குடிசைக்குள் இருக்கும் மரத்தொட்டியில் இட்டு, மறுபடியும் கடல்நீர் ஊற்றி வடிக்கிறார்கள். கடுமையாகக் கரிக்கும் அந்த நீரை, பிளந்து குடைந்த தென்னங்குற்றிகளில் ஊற்றிக் காயவிட்டால் பொடியான உப்பு படிகிறது. இந்த வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களாகவே இருந்தார்கள், பிள்ளைகள் விடுதி வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு பொதி உப்பை வாங்கிவிடுங்கள், அதுவே மரியாதை.

சாப்பாட்டில் கவனம் தேவை. பன்றி இறைச்சி அங்கே விழாக்களின் தலையாய உணவு. மரக்கறி என்று கொண்டுவந்து வைப்பதிலும் சம்பலுக்குள் 'தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கும். வெள்ளிக்கிழமையில் "தெராசி வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'உராப்' என்று கேட்டால், அவித்த பயற்றங்காயும் கீரையும் தேங்காய்ப்பூவோடு பிரட்டி நம்முடைய வறைக்குக் கிட்டத்தட்ட வரும், அதிலும் தெராசி இல்லாமல் கேளுங்கள். தெம்பே எனும் சோயா அவரையில் செய்த கட்டியைப் பொரித்துத் தருவார்கள், அது பயமில்லாமல் சாப்பிடக்கூடியது.

முள்ளியவளைத் தம்பி எழுதியது:

நான் சற்று மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் குறைநினைக்க வேண்டாம். மாலைதீவிலும் பின்னர் பாலியிலும் விடுதிகளில் வேலை செய்தவன் நான்.

அமைதியான பக்கம் என்பதே இப்போது விற்பனைப் பொருளாகிவிட்டது. சங்கு என்று மேலே ஐயா குறிப்பிட்ட இடம், நெரிசலில்லாத வயல்வெளி என்று சொல்லித்தான் முதலில் ஆட்களை இழுத்தது. வயலைப் பார்க்க வந்தவர்களுக்கு வீடு கட்டுவதற்காக அதே வயல்கள் நிரப்பப்பட்டன. ஒரு வயலை நிரப்பினால் போவது ஒரு வயல் மட்டுமல்ல. அதன் ஊடாக ஓடிய வாய்க்கால் மறிபட்டு, கீழே இருப்பவனுக்கு நீர் வராமல், அவனும் விற்க நேரிடுகிறது. தெற்குப் பக்கத்தில் விடுதிகள் நிலத்தடி நீரை இறைத்து எடுப்பதால் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுகிறது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு போகும் திட்டம் வந்தபோது, முதலில் எங்கள் வயலுக்கு என்று கிளிநொச்சிக் கமக்காரர் எவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பது உங்கள் மாமாவுக்கு நினைவிருக்கும். அங்கே போட்டிக்கு வருவது இன்னோர் ஊரின் தாகமல்ல, நீச்சல் தடாகம்.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிடெமெனிலும் இப்போது கட்டடங்கள் எழும்புகின்றன. ஆகவே தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த ஊர்க் குடும்பம் தன் வளவுக்குள்ளேயே இரண்டு மூன்று அறைகளைக் கட்டி நடத்தும் வீடாகப் பாருங்கள். தடாகம் இல்லாததையே தேர்ந்தெடுங்கள். செமின்யாக்கில் பிள்ளைகள் நீந்தியது போதும். பெரிய முகவர்களின் ஊடாக அல்லாமல் அந்த வீட்டுக்காரரிடமே சாரதியையும் கேட்டால் காசு ஊருக்குள் நிற்கும்.

இன்னொன்று. ஒரு சடங்கைக் கண்டவுடன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகாதீர்கள். மூன்று பக்கமும் ஆட்கள் நின்று படம் எடுக்க, நடுவில் ஒரு குடும்பம் தன் தகப்பனின் தகனக் கிரியையைச் செய்துகொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். நமது ஊரில் செத்தவீட்டுக்குள் எவனாவது கமெராவோடு வந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மக்கள் பொறுமைசாலிகள் என்பதனால் அது சரியாகிவிடாது.

வட்டக்கச்சி மருமகள் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. துருசடி ஐயாவின் பதிலை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். மரக்கட்டையைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு, கட்டை உக்கிப்போனால் புதிதாக வெட்டுபவன் யார், அளவு பார்ப்பவன் யார் என்று கேட்டார். தம்பி சொன்னது கசப்பாக இருந்தாலும் நியாயமானது. தடாகமில்லாத வீடாகவே தேடுகிறேன், அண்ணாவைச் சமாளிப்பது என் கணவரின் பாடு.

இன்னும் இரண்டு கேள்விகள். பாலியிலும் மாட்டுவண்டிச் சவாரி உண்டு என்று கணவர் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்; வட்டக்கச்சியில் சவாரி என்றால் அவருக்குச் சோறு தேவையில்லை. அது உண்மையா? சிடெமெனிலிருந்து வடக்குப் பக்கம் போவது பிரயோசனமா?

துருசடி எழுதியது:

மாமாவின் கேள்விக்கு முதலில் பதில். புதுக்கட்டையை அளப்பது கூட்டத்தின் முன்னிலையில் நடக்கும். பங்குகாரர் பார்த்திருக்க வெட்டுவார்கள். அளவில் சந்தேகம் உள்ளவர் அங்கேயே கேட்க வேண்டும், அடுத்த நாள் வந்து முறையிட முடியாது.

சவாரி உண்மைதான். மேற்குக் கரையில் ஜெம்பரானா மாவட்டத்தில் 'மகெபுங்' என்று நடத்துகிறார்கள். நாம்பன்கள் அல்ல, எருமைக் கடாக்கள். சோடியாகப் பூட்டிய சிறு வண்டியில் ஒருவர் மட்டும் நின்று ஓட்டுவார், கொம்புக்கும் நுகத்துக்கும் அலங்காரம் பிரமாதமாக இருக்கும். ஆற்றுக்குக் கிழக்கே ஒரு கட்சி, மேற்கே ஒரு கட்சி. வயல் வேலை ஓய்ந்த ஜூலையிலிருந்து நவம்பர் வரையான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில்தான் போட்டிகள் என்பதால் உங்கள் ஆகஸ்ட் பொருந்துகிறது. ஆனால் சிடெமென் கிழக்கே, ஜெம்பரானா மேற்கே. ஒரே நாளில் போய்வரலாம் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். மேற்கு நெடுஞ்சாலையில் ஜாவாவுக்குக் கப்பலேறப் போகும் லொறிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை இரவே நெகாரா நகரில் தங்கிவிடுவது நல்லது. எந்த ஞாயிறு, எந்த ஊர் என்பதை அங்கே விசாரித்து உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள்.

வடக்கே போவது மாமிக்கும் பிள்ளைகளுக்கும் பிரயோசனம். முண்டுக் என்ற மலையூரில் கோப்பியும் கராம்பும் பயிராகின்றன. கராம்பை வீதியோரப் பாய்களில் காயவிட்டிருப்பார்கள், ஊருக்குள் நுழையும்போதே மணக்கும். இரவில் குளிரும் என்பதால் சுவெற்றர் வேண்டும். பக்கத்திலுள்ள தம்பிளிங்கான் ஏரியில் இயந்திரப் படகு ஓடுவதில்லை. அங்கிருந்து கரைக்கு இறங்கினால் டச்சுக்காரர் காலத்துத் தலைநகரான சிங்கராஜா. அங்கே 1928இல் நிறுவப்பட்ட 'கெடொங் கிர்த்யா' நூலகத்தில் பனையோலைச் சுவடிகளை மரப்பெட்டிகளில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை பூசித் துடைக்கும் முறையைக் கேட்டால் காட்டுவார்கள். கனடாப் பிள்ளைகளுக்கு நம்முடைய ஏட்டுச்சுவடிகளைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வீதியில் நம்மைப்போல் இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள். என்றாலும் மலைவளைவுகளில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் யோசனையை வீட்டில் எவருக்கும் வரவிடாதீர்கள். 2024 பெப்ரவரியிலிருந்து வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் தீவுக்குள் நுழைய 150,000 ரூபியா கட்ட வேண்டும். புறப்படுமுன் இணையத்திலேயே கட்டி, அந்த ரசீதைக் கைபேசியில் வைத்திருங்கள். தொகையைக் கண்டு மாமா திகைக்காதபடி அது ரூபியா, ரூபாய் அல்ல என்று முதலே சொல்லிவிடுங்கள்.